மூளை முடக்குவாதம் உள்ள மருமகனைக் கடற்கரையில் விளையாட விடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. தங்கச்சி மகனுக்கு 8 வயது, மூளை முடக்குவாதம். இரண்டு கால்களும் இறுக்கம். பிடிமானம் கொடுத்தால் உட்காருவான், தானாக நிற்க மாட்டான். கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, மாத்திரை தொடர்கிறது. ஊர் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், வாசலில் நின்றால் கடல் தெரியும். 6 வயதுத் தங்கை பள்ளி விட்டதும் கடற்கரைக்கு ஓடிவிடுகிறாள், இவன் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனையும் மணலில் இறக்கி, ஊஞ்சல் கட்டி, தண்ணீரில் விடலாமா, இல்லை உங்கள் அம்மா சொல்வதுபோல் வம்பை விலைக்கு வாங்குவதாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில் ‘தங்கச்சி முழுசாத் தூங்கியே வருசமாச்சு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். பையன் யார் கையில் விளையாடுவான் என்பதில்தான் அவர் தூக்கமும் இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

தாராளமாக விடலாம். ஆனால் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது முதலில் தெளிவாக இருக்கட்டும். மணலில் ஆடினால் கால் இறுக்கம் நிரந்தரமாகக் குறையும், கடல் தண்ணீர் பட்டால் நடந்துவிடுவான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. கொஞ்சம் பயந்து, தானே ஒன்றைச் செய்து பார்த்து, ‘இன்னொரு தடவை’ என்று கேட்கும் வாய்ப்பு எட்டு வயதுப் பிள்ளைக்குத் தேவை. தூக்கி வைத்தால் இருக்கிற, எடுத்தால் வருகிற பிள்ளைக்கு அந்த வாய்ப்பு தானாக வராது, நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். 1943இல் கோபன்ஹேகன் அருகே எம்ட்ரப் என்ற இடத்தில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் பழைய மரம், கயிறு, செங்கல் எல்லாம் போட்டு ஒரு விளையாட்டிடம் திறந்தார். ஒழுங்கான பூங்காவைவிட உடைசல் கிடக்கும் இடத்தில்தான் பிள்ளைகள் ஆசையாக ஆடுகிறார்கள் என்று அவர் கவனித்திருந்தார். அதைப் பார்த்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த லேடி ஆலன் என்ற அம்மையார் பின்னாளில் ஊனமுற்ற பிள்ளைகளுக்காகவே லண்டன் செல்சியில் 1970இல் ஒன்றைத் திறக்கவைத்தார். அவர்கள் தேடிச் சேர்த்த கயிறும் வலையும் மிதவையும் பழைய பலகையும் உங்கள் ஊர்க் கரையில் சும்மா கிடக்கின்றன.

தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. பிள்ளையைப் பார்க்காமல் நான் தீர்மானம் சொல்ல முடியாத இடம் இது. முதலாவது இடுப்பு மூட்டு. தானாக நிற்காத பிள்ளைகளுக்குத் தொடை எலும்பு கிண்ணத்திலிருந்து மெல்ல மெல்ல விலகக்கூடும். வலி வரும்வரை வெளியே தெரியாது. கடைசியாக இடுப்பு எக்ஸ்ரே எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள், பிறகு ஊஞ்சல். இரண்டாவது, வலிப்பு மாத்திரையின் பெயர். டோபிராமேட், ஜோனிசமைடு இரண்டும் சில பிள்ளைகளுக்கு வியர்வையைக் குறைத்துவிடும். வியர்க்காத உடம்பு நம் வெயிலில் சட்டென்று சூடேறும். அந்த மாத்திரை என்றால் தலையிலும் கழுத்திலும் ஈரத்துணி, நிழல், இன்னும் குறுகிய நேரம். மூன்றாவது, தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறானா என்பது. இருமினால் கடற்கரையிலும் நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும், படுத்த நிலையில் கூடவே கூடாது.

எந்தக் கடல், எந்த மாதம் என்பதைக் கடலுக்குப் போகிற உங்கள் மச்சானிடம் கேளுங்கள், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வடக்குப் பக்கம் பாக் விரிகுடா, நம் ஆட்கள் பெண்கடல் என்பார்கள். ஆழம் குறைவு, அலை சின்னது. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை பெண்கடலும் குணம் மாறிவிடும், அப்போது மணல் விளையாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கச்சான் காற்று மாதங்களில் வடகரை தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஏமாந்துவிடக் கூடாத நேரம் அதுதான். காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. காற்றடித்த டியூபோ மிதவையோ கைநழுவினால், ஆள் நீந்திப் பிடிக்கும் முன் வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் குளிக்கிற யோசனையே வேண்டாம். நேரம் காலை 6 முதல் 8.30, அல்லது மாலை 4.30க்குப் பிறகு.

மணலில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் புதைந்து நாற்காலி குப்புறச் சாயும். நாற்காலியைப் பின்முகமாகத் திருப்பி, பின்பக்கம் சாய்த்து, பெரிய சக்கரத்தில் மட்டும் இழுக்க வேண்டும், இடுப்புப் பட்டை போட்டபிறகு. தூரம் அதிகம் என்றால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் எட்டுக்கு நான்கு அடிப் பலகை இரண்டு வாங்கி நான்காக அறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் பத்து கிலோ சொச்சம் இருக்கும். மூன்றை வரிசையாகப் போட்டு, கடந்த பலகையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம். நான்காவது, கடைசியில் நாற்காலியை நிறுத்த. நிரந்தரமாகப் பாதை போடச் சொல்லிப் போராடுவதைவிட இது நிச்சயம். மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் 263 மீட்டர் நீளத்துக்கு அருமையாக மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயலில் அதன் கடலோரப் பகுதி பெயர்ந்துபோய், மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிற பாதைதான் வாடையில் பிழைக்கும். இன்னொன்று, வீட்டுக்கும் கரைக்கும் நடுவில் சீமைக்கருவேல முள் கிடக்கும். காற்றடைத்த டயர் என்றால் வாரம் ஒரு பஞ்சர். அடுத்தமுறை மாற்றும்போது கெட்டி டயர் போடுங்கள்.

நாற்காலியிலேயே வைத்திருப்பது விளையாட்டாகாது, இறக்குங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் உட்காரும் குழி. பாதி ஈரம் காய்ந்த மணலில், அவன் முழங்காலின் பின்மடிப்பிலிருந்து குதிகால் வரை ஒரு குச்சியால் அளந்துகொண்டு, அந்த ஆழத்துக்கு மட்டும் குழி வெட்டுங்கள். எட்டு வயதில் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரும். அவன் குழியின் விளிம்பில் உட்கார வேண்டும், கால் குழிக்குள், பாதம் தரையில் பதிய. தொடைகளுக்கு நடுவே ஒரு கைமுட்டி அகலத்துக்கு ஈரமணல் மேடு விடுங்கள். இறுக்கம் உள்ள பிள்ளைக்கு கால்கள் கத்தரி போல் பின்னிக்கொள்ளும், அந்த மேடு அதைத் தடுக்கும். விளிம்பின் முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டு விரல் உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வழுக்கி இறங்கிவிடுவான். முதுகுக்கு அக்குள் உயரம் வரை மணலைக் குவித்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் அடித்து இறுக்கி, மேலே துண்டு. ஏன் இத்தனை அளவு என்றால், இடுப்பும் முழங்காலும் மடிந்து பாதம் பதிந்தால் உடம்பு பின்னோக்கி விறைப்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடங்கும். அதுவரை தன்னைத் தாங்கவே செலவான கைகள் அப்போதுதான் விளையாட்டுக்கு வரும். முன்னால் மீன் ஐஸ்பெட்டியின் தெர்மாகோல் மூடியைக் கவிழ்த்துப் போட்டால் மேசை ஆயிற்று. காய்ந்த மணலில் வெட்டினால் பத்து நிமிடத்தில் சரியும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி, குப்புறப் படுக்க வைத்து, பிறகு உட்கார வையுங்கள். சின்னவள் ஆசைப்படுகிறாள் என்று ஆழமான குழியோ சுரங்கமோ தோண்ட விடாதீர்கள். மணல் சரிந்து மூடினால் கையால் தோண்டி எடுப்பதற்குள் மூச்சு நின்றுவிடும். கிளம்பும்போது குழியை மூடிவிடுங்கள்.

அடுத்தது ஏறுவது. மூன்றடி உயரத்துக்கு மணலைக் குவித்து, உச்சிக்கு அப்பால் ஆழமாக நட்ட கம்பில் தடித்த படகுக்கயிற்றைக் கட்டி, கைக்கு அடங்கும் பருமனில் 20 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சு போடுங்கள். இறுக்கமான கைக்கு மெல்லிய கயிறு நழுவும், முடிச்சின் மேல் துணி சுற்றினால் பிடி நிற்கும். அவன் குப்புறப் படுத்து முடிச்சைப் பிடித்து இழுக்கட்டும். நீங்கள் பின்னால் உட்கார்ந்து உள்ளங்கையை அவன் பாதத்துக்கு அடியில் அசையாமல் வைத்திருந்தால் போதும், தள்ளக் கூடாது. மூன்றடி ஏற கால்மணி நேரம்கூட ஆகும். நடுவில் வழுக்கிக் கீழே வருவான், வாயில் மணல் போகும், அழுவான். துடைத்துவிட்டு அவன் முகத்தைப் பாருங்கள். கை மறுபடி கயிற்றைத் தேடினால் விடுங்கள். பெரியவர்கள் செய்யும் பெரிய தவறு, கடைசி அரையடியில் பொறுக்காமல் தூக்கி உச்சியில் வைத்துவிடுவது.

ஊஞ்சலுக்குச் சேலைத் தூளி வேண்டாம். பெரிய பிள்ளைகள் சேலை ஊஞ்சலில் சுற்றிக்கொண்டு கழுத்து இறுகி இறந்த செய்தி நம் ஊர்ப் பக்கங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. இவனால் சுதாரித்து விலகவும் முடியாது. மச்சானிடம் 8 மில்லிமீட்டர் கயிற்றில் ஐந்து சென்டிமீட்டர் கண்ணில் ஒரு வலை பின்னச் சொல்லுங்கள், ஐந்தடிக்கு மூன்றடி. கண்ணளவில் கவனம் தேவை. 9 முதல் 23 சென்டிமீட்டர் வரையான இடைவெளியில் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறைந்தால் விரல் மாட்டும். கரையில் கிடக்கும் பழைய மீன்வலை ஆகவே ஆகாது, அதன் மெல்லிய நைலான் இழை கால்விரலை அறுத்துவிடும். இரண்டு முனையிலும் சவுக்குக் கம்பு கோத்தால் வலை சுருண்டு மூடாமல் பாய் மாதிரி விரிந்து நிற்கும். மேலே மடித்த ஜமுக்காளம். உயரம் மணலிலிருந்து 30 சென்டிமீட்டர், படுத்தபடி கையை நீட்டி மணலைத் தொட முடிய வேண்டும். சுற்றிலும் ஆறடி காலியிடம், அடியில் 30 சென்டிமீட்டர் பொலபொலப்பான மணல். மழை பெய்து இறுகியிருந்தால் கிளறிவிடுங்கள், இறுகிய மணல் சிமென்டுத் தரைக்குச் சமம். வேம்பு, பூவரசில் தொடைப் பருமனுள்ள பச்சைக் கிளை நல்லது. முருங்கை கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னைக்கு நடுவில் கட்டினால் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் முதலில் இறக்குங்கள். கயிறு கிளையில் உரசும் இடத்தில் பழைய டயர்த் துண்டு வையுங்கள். பிறகு சிமென்டுச் சாக்கில் மணல் நிரப்பி, நான்கு சாக்கை அரைமணி நேரம் ஏற்றிவைத்து ஆட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் செத்துவிடும். விரலால் தேய்த்தால் தூள் உதிர்ந்தால் மாற்றும் நேரம்.

ஆட்டும்போது மூன்று ஆட்டு, பிறகு நிறுத்து. பத்து எண்ணும்வரை சும்மா இருங்கள். அவனுக்குப் பேச்சு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு இல்லாவிட்டாலும் கண் உங்களைத் தேடும், கை கயிற்றை இழுக்கும், ஒரு சத்தம் வரும். அதுதான் ‘இன்னும்’. முகத்தைத் திருப்பினால் ‘போதும்’. அந்த இரண்டு பதிலுக்கும் நீங்கள் கட்டுப்படுகிறீர்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டால், வேகமாக ஆட்டவும் அவனே கேட்பான். கேட்காமல் வேகம் கூட்டுவது அவனுக்கு மிரட்டல்.

தண்ணீரில் பெரியவர் முழங்கால் ஆழம்தான் எல்லை. அவனை உங்கள் கால்களுக்கு நடுவே உட்கார வைத்து, ஒரு கை எப்போதும் மார்பில். லாரி டியூபில் போடாதீர்கள். இடுப்பு வலு இல்லாத பிள்ளை டியூபுக்குள் கவிழ்ந்தால் தலை கீழே போய்க் கால் மேலே நிற்கும். லைஃப் ஜாக்கெட் வாங்கினால் அவன் எடைக்கு உரியது, கழுத்துப்பட்டையும் தொடை நடுவே போகும் வாரும் உள்ளது. அதையும், சோதிப்பதற்கு மட்டும் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய், நீங்கள் பிடித்தபடி பாருங்கள். விறைப்பு உள்ள சில பிள்ளைகளை அது முகம் மேலே இருக்கும்படி வைக்காது. காலைத் தேய்த்துத் தேய்த்து நடங்கள், மணலுக்குள் திருக்கை இருந்தால் விலகிவிடும். அதன் முள் குத்தினால் பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சூட்டைப் பெரியவர் முழங்கையில் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைக்கு. சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், நல்ல தண்ணீர் எரிச்சலைக் கூட்டும்.

மூன்று வருடம் வலிப்பு இல்லை என்பது நல்ல செய்தி, ஆனால் தண்ணீரில் அதை நம்பி கையை எடுக்கக் கூடாது. வந்தால் முகத்தை மேலே பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்து, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயோர மணலைத் துடையுங்கள். கையில் சாவிக்கொத்து கொடுப்பது, வாயில் எதையாவது திணிப்பது வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அது கடற்கரைப் பையில் இருக்க வேண்டும், வெயில் படாமல். தண்ணீருக்குள் வலிப்பு வந்திருந்தால், தெளிந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடுங்கள், நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருக்கலாம்.

இனி தங்கச்சி. இந்த விளையாட்டு அவருக்கு இன்னொரு வேலையாக முடிந்தால் இரண்டே வாரத்தில் நின்றுவிடும். வாரத்தில் இரண்டு மாலை, தாய்மாமன் பொறுப்பு என்று வையுங்கள். பையனைக் கொண்டுபோவது, குழி வெட்டுவது, கழுவித் துடைத்துத் திரும்பக் கொடுப்பது வரை அவர் கை படக் கூடாது. ‘நானும் சும்மா வந்து உட்காருறேன்’ என்பார். முதல் நாள் வரட்டும், அடுத்த வாரம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். இவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், தண்ணீரில் ஒருவர் முழுக்க இவனுக்கு. அதனால் பக்கத்து ஊர்களில் இதேபோல் பிள்ளை உள்ள ஒன்றிரண்டு வீடுகளைச் சேர்த்து முறை வைத்துக்கொள்ளுங்கள். யார் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு ஒரு அட்டை இருக்கட்டும். அட்டை கழுத்தில் இருப்பவர் போன் எடுக்கக் கூடாது, அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். எல்லோரும் பார்க்கிறார்கள் என்றிருக்கும்போதுதான் பிள்ளைகள் மூழ்குகிறார்கள். மச்சான் விசைப்படகு என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கரையில்தான் இருப்பார். வலையும் ஊஞ்சலும் அப்போது அவர் கையால் ஆகட்டும். தெரபி அறையில் ஓரமாக நிற்கிற அப்பாக்கள் கயிற்றைக் கையில் எடுத்ததும் நடுவில் வந்துவிடுவார்கள். சின்னவளை அண்ணனுக்கு ஆயா ஆக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் யாராவது அவளோடு மட்டும் ஓடட்டும். உங்கள் அம்மாவின் பயத்தோடு வாதாட வேண்டாம், நிழலில் உட்காரவைத்து தண்ணீர், துண்டு, கடிகாரம் மூன்றையும் அவரிடம் கொடுங்கள்.

வேறு பிள்ளைகள் சேரும்போது அளவுகள் மாறும். டவுன் சின்ட்ரோம் பிள்ளைக்குக் கழுத்தெலும்பு தளர்வாக இருக்கலாம், மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தலைகீழ்ப் புரளல் வேண்டாம். முதுகுத்தண்டு குறையால் காலில் உணர்ச்சி இல்லாத பிள்ளைக்கு மணல் சூடும் சிப்பி கீறியதும் தெரியாது, ரப்பர் செருப்போடுதான் இறக்க வேண்டும், திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீரைக் கண்டால் ஓடும் ஈர்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைக்குத் தனி ஆள், கையெட்டும் தூரத்தில், ஆரஞ்சுச் சட்டையோடு. நீலச் சட்டை தண்ணீருக்குள் தெரியாது. இப்படி ஓடும் பிள்ளையை வேலைக்குப் போகும்போது காலில் கட்டிவைக்கும் வீடுகள் இந்தக் கரையில் உண்டு. கொடுமை செய்ய நினைத்து யாரும் கட்டுவதில்லை, கடல்பாசி எடுக்கப் போகாவிட்டால் உலை கொதிக்காது. ஆனாலும் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் போனதை நாம் மறக்கக் கூடாது. அந்த வீட்டையும் உங்கள் முறைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அரசு வழியில் கேட்கக்கூடியது சில. பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் இருப்பார்கள். மாதம் ஒருமுறை பயிற்சியை மணலிலேயே நடத்தச் சொல்லிக் கேளுங்கள், குழியின் அளவை அவர் சரிபார்த்துக் கொடுப்பார். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மூளை முடக்குவாதம் சேரும், வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, வெளிநோயாளி தெரபிச் செலவும் உண்டு. சான்றிதழில் பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

முதல் நாள் அரைமணி நேரம் போதும், குழி மட்டும். ஊஞ்சலும் தண்ணீரும் அடுத்தடுத்த வாரங்களுக்கு இருக்கட்டும். அவன் இன்னும் வேண்டும் என்று முனகும்போதே கிளம்பிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் தொடை மடிப்பு, அக்குள், கால்விரல் இடுக்கு எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காலில் மாட்டும் ஸ்ப்ளின்ட் இருந்தால் அதன் உள்பக்கத்தைத் தனியாகக் கழுவித் துடையுங்கள், ஒரு மணல் உள்ளே நின்றாலும் மறுநாள் புண்ணாகும். நாற்காலியின் முன்சக்கர பேரிங்கில் நல்ல தண்ணீர் ஊற்றி, காயவைத்து, கிரீஸ் தடவிவிட்டுத் தூங்கப் போங்கள். உப்பு ஒரே ராத்திரியில் வேலையைத் தொடங்கிவிடும்.